இருநூறு ரூபாய்க்கு ஒரு நோடியூ

பிரகதாம்பாளுக்கு அடைக்கலசாமி இருநூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். கைமாற்றாக வாங்கியது. வாங்கி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த ஒரு கடனைத் தவிர, ஆவூர்ச் சுற்றுவட்டாரத்தில் அவர் ஒருத்தருக்கும் ஒத்தைக் காசு பாக்கி வைத்தவர் இல்லை.

நம்பாதவர்கள் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கூடத்தில் மாதா படத்துக்குக் கீழே, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு காகிதம் தொங்கும். டிராக்டர் லோனை ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டி முடித்தபோது பேங்கில் கொடுத்தது. இனி இவர் எங்களுக்கு எதுவும் தரவேண்டியதில்லை என்று எழுதி, முத்திரை குத்தி, பச்சை மசியில் கையெழுத்தும் போட்ட காகிதம். படித்தவர்கள் அதை நோ, டியூ என்று இரண்டாக உடைத்துச் சொல்வார்கள். அடைக்கலசாமிக்கு அது ஒரே சொல்தான். நோடியூ. வீட்டுக்கு வருகிறவர் யாராக இருந்தாலும், சம்பந்தம் பேச வந்தவராக இருந்தாலும், கேஸ் சிலிண்டர் போட வந்தவராக இருந்தாலும், தண்ணீர் கொடுத்த கையோடு அந்தச் சட்டத்தைக் காட்டிவிடுவார்.

"பாத்துக்கங்க. நோடியூ. எல்லாருக்கும் குடுத்துற மாட்டான்."

அதை வாங்கப் போன அன்று பேங்கில் ஒரு பேச்சு நடந்தது. புதிதாக வந்த மேனேஜர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, ஒங்க பேர்ல அவுட்ஸ்டேண்டிங் எதுவும் இல்லைங்க" என்றார். பாக்கி இல்லை என்பதைத்தான் அந்தப் பிள்ளை அப்படிச் சொன்னார். அடைக்கலசாமி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"எப்புடி சார் இருக்கும்? நான் எந்த ஆபீசுக்குப் போனாலும் உள்ள வந்து ஒக்காந்துதான் பேசுவேன். வெளிய நிக்கிற பழக்கமே நமக்குக் கெடையாது."

மேனேஜர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். உடனே டீ வரவழைத்துக் கொடுத்தார். மூன்றாம் வகுப்போடு நின்றுபோன ஒருத்தனுக்கு அந்த பேங்கில் மேனேஜர் கையால் டீ கிடைத்தது. டிகிரி முடித்தவர்கள் நாலு பேர் அப்போது டோக்கன் வைத்துக்கொண்டு வெளியே நின்றார்கள்.

அவருடைய இங்கிலீஷ் அப்படிப்பட்டது. ஒரு வாத்தியாரிடமும் அவர் அதற்காகக் கைகட்டி நிற்கவில்லை. பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், தாலுகா ஆபீசில் காதில் விழுந்ததை எல்லாம் பொறுக்கி எடுத்து, தனக்குத் தோதாகத் தட்டி நிமிர்த்தி வைத்துக்கொண்டார். தொழில் மாட்டுத் தரகு. புதுக்கோட்டை சந்தைப்பேட்டையில் வெள்ளிக்கிழமை விடிந்தால் அவர் குரல் கேட்கும். நடந்து வந்து களைத்துப்போன மாட்டை, "மாடு கொஞ்சம் ரிட்டயர்டா இருக்கு, தண்ணி காட்டுனாச் சரியாப் போயிரும்" என்பார். மாட்டைப் பின்பக்கமாகத் திருப்பி நிறுத்தி, "மொதல்ல பேக்கிரவுண்டப் பாருங்க. இப்புடி ஒரு பேக்கிரவுண்டு ஒங்களுக்கு மணப்பாறையிலயும் கெடைக்காது" என்பார். விலையைச் சொல்லாமல் இழுத்தடிப்பதற்கு அவர் வைத்திருந்த பேர், சஸ்பெண்டு. "வெலைய இப்ப சஸ்பெண்டுல வச்சிருக்கேன்."

சினைமாட்டுக்கு அவர் வைத்திருந்த சொல்தான் எல்லாவற்றிலும் பேர் வாங்கியது. பெர்மனென்ட். டாக்டரம்மா ஏதோ ஒரு சொல்லைச் சொல்ல, அவர் காதில் அது இப்படித்தான் விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான். குன்றாண்டார்கோவில் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் நிலவழகன் என்கிற வாத்தியார் ஒரு தடவை மாடு வாங்க வந்தார்.

"கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க சார். மாடு பெர்மனென்ட். அஞ்சு மாசம்."

வாத்தியார் மாட்டையும் பார்த்தார், தரகரையும் பார்த்தார். "குடுத்து வச்ச மாடுங்கய்யா. நான் வேலைக்குச் சேந்து ஒம்பது வருசம் ஆச்சு, இன்னும் தொகுப்பூதியந்தான். இது அஞ்சே மாசத்துல பெர்மனென்ட் ஆயிருச்சே!"

வாத்தியார் எதற்காக அப்படிச் சிரித்தார் என்று அடைக்கலசாமி ஆராயவில்லை. சிரித்தபடியே பேரம் பேசாமல் பணத்தை எடுத்தார், அது போதும். சந்தையில் எத்தனையோ தரகர்கள் இருந்தார்கள். வாங்குகிறவனை இப்படி மனசு நிறைய வைத்து அனுப்ப அவர் ஒருவரால்தான் முடிந்தது. அதை அவரே நாலு பேரிடம் சொல்லுவார். உள்ளதைச் சொல்வதில் என்ன வெட்கம்?

இனி அந்தக் கடன்.

பிரகதாம்பாள் சந்தையில் கயிற்றுக் கடை வைத்திருந்தவர். ஒரு சாக்கை விரித்து, மூக்கணாங்கயிறு, கழுத்துக் கயிறு, மணி, சலங்கை எல்லாம் பரப்பியிருப்பார். மாடு விற்கிறவன் மாட்டை மட்டும்தான் கொடுப்பான், கயிற்றைக் கழற்றித் தானே வைத்துக்கொள்வான். அவன் வீட்டு லட்சுமி கயிற்றோடு போய்விடக் கூடாது என்பது வழக்கம். அதனால் ஒவ்வொரு மாடு கைமாறும்போதும் வாங்கியவன் புதுக் கயிற்றுக்குப் பிரகதாம்பாளிடம்தான் ஓடி வரவேண்டும்.

அடைக்கலசாமி அப்போது இளவட்டம். ஊரார் ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டிவந்து கூலி வாங்குகிற வேலை. ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு செவலைக் கன்று அடிமாட்டு விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. விற்கிறவனுக்கு ஊருக்குப் போகிற அவசரம். கன்றின் கால், சுழி, கண் எல்லாம் பார்த்த அடைக்கலசாமிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கையில் காசில்லை. கயிற்றுக் கடை பக்கத்தில் நின்று அந்தக் கன்றையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவரைப் பிரகதாம்பாள் கவனித்துவிட்டார்.

"என்னப்பா, பொண்ணு பாக்குறமாரி பாக்குற? கன்னு புடிச்சிருக்கா?"

"புடிச்சு என்னக்கா பண்றது."

சுருக்குப்பையை அவிழ்த்து இருநூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தார். புதுக் கயிறு ஒன்றும் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கிக்கொள்ளவில்லை. பேர்கூடக் கேட்கவில்லை. அந்தச் செவலைக் கன்றிலிருந்துதான் எல்லாம் வந்தது. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, ஓட்டு வீடு மாடி வீடாகி, டிராக்டர் வந்து, மகள் ஜெனிஷா நர்சுக்குப் படித்து குவைத்துக்குப் போய், அத்தனையும்.

அடுத்த வாரமே இருநூறைத் திருப்பிக் கொண்டுவந்தார். பிரகதாம்பாள் பிள்ளை பெறுவதற்குத் தாய்வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் அந்தப் பணம் இன்னொரு கன்றாக மாறிவிட்டது. அதற்கப்புறம் அடைக்கலசாமி மளமளவென்று ஏறிவிட்டார். ஏறினவர் இருநூறு ரூபாயோடு போய் நிற்பாரா? ஆயிரம் ரூபாயைக் கொண்டுபோய் நீட்டினார்.

"நான் ஒனக்குக் குடுத்தது இருநூறு" என்றார் பிரகதாம்பாள்.

"அது அப்பக்கா. இப்ப நம்ம ரேஞ்சு வேற."

"ரேஞ்ச நீ வச்சுக்க. எனக்கு இருநூறக் குடு."

அங்கேதான் சிக்கியது. பிரகதாம்பாளின் அப்பா வட்டிக்கு வாங்கி, வட்டி கட்டியே நிலத்தை விற்றவர். தன் கையில் வட்டிக் காசு ஏறாது என்று அந்த அம்மாள் சின்ன வயதிலேயே முடிவு கட்டியிருந்தார். இந்தப் பக்கம் அடைக்கலசாமிக்கோ, பெற்ற உதவிக்கு வெறும் இருநூறைத் தூக்கிக் கொடுத்தால் சந்தை தன்னைப் பார்த்துச் சிரிக்கும் என்ற எண்ணம். இவர் ஐயாயிரம் என்பார். அவர் இருநூறு என்பார். இவர் ஒரு கறவை மாட்டையே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துவார். அவர் அதற்குப் புல் போட்டுத் தண்ணீர் காட்டித் திருப்பி அனுப்புவார்.

"அக்கா, இன்னைக்கு இருநூறுக்கு நாலு பேரு ஒக்காந்து புரோட்டா திங்க முடியாது."

"நான் ஒங்கிட்ட புரோட்டா கேட்டனா?"

"சரி, அமவுண்ட விடுங்க. நம்ம ரெண்டு பேருக்கும் உள்ள கணக்கு நோடியூ ஆகணும்ல?"

"அதென்னப்பா நோடியூ? மணமேல்குடிப் பக்கம் விக்கிற கருவாடா?"

வீட்டில் மனைவி ஆரோக்கியம்மாளும் சொல்லிப் பார்த்தார். "அந்த அம்மா கேக்குற இருநூறக் குடுத்துட்டு வந்து சோறு திங்க வேண்டியதுதானங்க. இதுல என்ன வம்பு?"

"ஒனக்கு இதெல்லாம் புரியாது. இது பிரிஸ்டேஜ்."

"எது?"

"பிரிஸ்டேஜ். பால உள்ள வச்சா குளுந்து கெட்டுப் போகாம இருக்குமே, அந்த மாரி மனுசனுக்கு உள்ள இருக்கிறது."

ஆரோக்கியம்மாள் சமையல்கட்டில் இருக்கிற பிரிட்ஜைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குழம்பைக் கிண்டினார்.

இப்படியே வருடங்கள் ஓடின. போன தை கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை, சக தரகர் ராக்கன் டீக்கடையில் செய்தியைச் சொன்னார். ராக்கன் அடைக்கலசாமிக்கு இளையவர். தொழிலில் போட்டி. வாய்ப்பேச்சில் அதைவிடப் போட்டி.

"அண்ணே, கயித்துக்கடை அக்கா கடைய எடுக்குதாம். முட்டி தேஞ்சு போச்சாம். மணமேல்குடியில மகள் வீட்டுக்குப் போகுதாம். வார வெள்ளியோட சரி."

அடைக்கலசாமி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். அந்த அம்மாள் சந்தையில் இருக்கிறவரைக்கும் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு முடித்துக்கொள்ளலாம் என்றிருந்தார். கடலோரத்துக்குப் போய்விட்டால் அப்புறம் எங்கே பார்ப்பது? அவர்கள் இரண்டு பேருமே இளவட்டம் இல்லை. தான் கடன்காரனாகவே மண்ணுக்குள் போய்விட்டால், கூடத்தில் தொங்குகிற அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்கு என்ன மரியாதை? யாருக்கும் பாக்கி இல்லை என்று ஊரெல்லாம் சொன்ன பேச்சு பொய்ப் பேச்சாகிவிடாதா? வார வெள்ளிக்குள் முடித்தே ஆகவேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தார்.

அந்த வெள்ளியும் வந்தது. அடைக்கலசாமி வெளுத்த வேட்டி கட்டி, சட்டைப் பையில் ஒரு கட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டை வைத்துக்கொண்டு வந்தார். அறுபதாயிரம். நல்ல செவலைக் கன்று ஒன்று கறவைப் பசுவாகிக் கன்றோடு நின்றால் இன்றைக்கு என்ன விலையோ, அதைப் போட்டுப் பார்த்து எடுத்து வந்த தொகை.

பிரகதாம்பாள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முன்னே விரித்த சாக்கில் சரக்குப் பாதிதான் இருந்தது. வருகிறவர் போகிறவர் எல்லாம் நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"டாக்டரு என்னக்கா சொன்னாரு?"

"முட்டிய மாத்தணும்னாரு. பிளேஸ்மெண்டுன்னாரு. இந்த வயசுல எனக்கு எதுக்குப்பா பிளேஸ்மெண்டு, படிச்ச பிள்ளைகளுக்குக் குடுங்கன்னுட்டு வந்துட்டேன்."

அடைக்கலசாமி குறுக்கே புகுந்தார். "அக்கா, அது பிளேஸ்மெண்டு இல்ல. டிஸ்பிளேஸ்மெண்டு. பழச எடுத்துட்டுப் புதுசு வைக்கிறது. அந்தச் செலவுக்கும் ஆகும், இந்தாங்க." கட்டை எடுத்து நீட்டினார்.

பிரகதாம்பாள் கட்டைப் பார்க்கவே இல்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தார். "ஏப்பா, கடைசி நாளும் இதே ரோதனையா?"

"இத வட்டின்னு நெனைக்காதிங்க. டொனேசன்னு வச்சுக்கங்க."

"டொனேசனா? நான் என்ன காலேஜா நடத்துறேன்?"

"அப்ப லைப் இன்சூரன்சு."

"நான் செத்தாத்தான அத நீ குடுக்கணும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அடைக்கலசாமிக்கு வேர்த்துவிட்டது. சந்தையில் அவர் இங்கிலீஷைக் கேட்டு மனசு இளகாத ஒரே ஆள் அந்த அம்மாள்தான். நாற்பது வருடமாக இளகவில்லை. அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை உதித்தது.

"சரிக்கா. வாய்ப்பேச்சு வேணாம். துண்டு போட்டுப் பேசிருவோம்."

சந்தையில் மாட்டு விலையை வாய்விட்டுப் பேசமாட்டார்கள். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். பிடிக்கிற விரல்தான் தொகை. ஒரு விரல் நூறா, ஆயிரமா என்பதை முன்கூட்டியே காதில் சொல்லிக்கொள்வார்கள். துண்டுக்குள் பேசியது வெளியே யாருக்கும் தெரியாது. ஒத்துக்கொண்டு கையைப் பூட்டிவிட்டால், அப்புறம் ஊரே வந்தாலும் விலை மாறாது. அடைக்கலசாமிக்கு இந்தச் சந்தையில் இங்கிலீஷால் வந்த பேர் பாதி, விரலால் வந்த பேர் மீதி. துண்டுக்குள் கையை விட்டால், எதிராளி இன்னும் இறங்குவானா, ஏறுவானா, இதுதான் கடைசியா என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

பிரகதாம்பாள் கொஞ்சம் யோசித்தார். "சரி, போடு. வெரலுக்கு இங்கிலீசு கெடையாது, அது ஒண்ணு நல்லது. ஆனா கை பூட்டிட்டாப் பேச்சு மாறக் கூடாது."

"மாறுனா எம் பேரு அடைக்கலசாமி இல்ல."

தன் யாவாரத்துக்குத் தானே தரகு பேசக் கூடாது என்பதும் வழக்கம். ராக்கனைக் கூப்பிட்டார்கள். ராக்கன் தோளிலிருந்த துண்டை உதறினார்.

"மாடு எங்கண்ணே?"

"மாடு இல்ல. கடன். ஒன் வேல வெரல்ல, வாயில இல்ல."

ராக்கன் முதலில் அடைக்கலசாமியின் கையைத் துண்டுக்குள் பிடித்தார். காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டார். விரல் ஒன்றுக்குப் பத்தாயிரம். ஆறு. அப்புறம் பிரகதாம்பாளிடம் போய்க் குனிந்தார். விரல் ஒன்றுக்கு நூறு. இரண்டு. ராக்கன் நிமிர்ந்து, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா, நீங்கதான வாங்கிக்கிறவுக?"

"ஆமா."

"அண்ணே, நீங்கதான குடுக்குறவரு?"

"ஆமாங்கிறேன்ல."

"அப்பறம் ஏன் குடுக்குறவரு மேல ஏறுறாரு, வாங்குறவுக கீழ எறங்குறாக? எங் கையி இத்தன வருசத்துல இப்புடி ஒரு யாவாரத்தப் பாத்ததே இல்லய்யா!"

கூட்டம் கூடிவிட்டது. எந்த மாடு விலை போகிறது என்று தெரியாமல் பின்னால் நின்றவர்கள் எக்கி எக்கிப் பார்த்தார்கள். ராக்கன் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தார். அடைக்கலசாமி ஆறிலிருந்து ஐந்துக்கு இறங்கினார். பிரகதாம்பாள் இரண்டு. இவர் நாலுக்கு வந்தார், மூன்றுக்கு வந்தார், கடைசியில் ஒன்றுக்கே வந்துவிட்டார். பத்தாயிரத்துக்கு ஒத்துக்கொண்டாலும் போதும், கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வந்தது அதே இரண்டு, அதே நூறு.

ராக்கன் துண்டை உருவிக்கொண்டார். "என்னால முடியாதுண்ணே. எனக்கே கொஞ்சம் ரிட்டயர்டா வருது. நீங்களே நேருக்கு நேரா பேசிக்கங்க, நான் சாட்சியா நிக்கிறேன்."

அடைக்கலசாமி சாக்கின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார். ராக்கன் இரண்டு கைகளுக்கும் மேலாகத் துண்டைப் போட்டார். அத்தனை வருடம் அக்கா அக்கா என்று பேசியவர், அன்றைக்குத்தான் அந்த அம்மாளின் கையைப் பிடிக்கிறார். கயிறு திரித்துத் திரித்து உள்ளங்கை மரப்பலகை மாதிரி இருந்தது.

தன் பக்கத்து விலையை அழுத்தினார். பிரகதாம்பாள் அவருடைய இரண்டு விரல்களைப் பிடித்தார். பிடித்தவர் இறுக்கவும் இல்லை, நெரிக்கவும் இல்லை. சும்மா பிடித்திருந்தார்.

ஏமாற்றுகிற விரல் எப்படி இருக்கும் என்று அடைக்கலசாமிக்குத் தெரியும். உள்ளுக்குள் மனசு வேறு விலையில் இருந்தால் விரல் நுனி ஈரமாகும், பிடி கூடும், குறையும். கேட்டால் இன்னும் கிடைக்குமோ என்று நினைக்கிறவன் விரல் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. எத்தனை ஆயிரம் கைகளை அவர் அப்படிப் படித்திருப்பார்! இந்தக் கையில் அதெல்லாம் ஒன்றும் இல்லை. காய்ந்த விரல். அசையாத பிடி. வீம்புக்குப் பிடிக்கிற பிடியும் இல்லை. இது கடைசி விலை. முதல் விலையும் இதுதான். செவலைக் கன்றை அவர் பார்த்துக்கொண்டு நின்ற அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்து இந்தக் கைக்கு இது ஒன்றுதான் விலை.

கடைசி விலை என்று கைக்குத் தெரிந்தபிறகும் ஒருத்தன் அழுத்திக்கொண்டிருந்தால் அவன் தரகன் இல்லை. சின்னப் பயல்களைக்கூட அடைக்கலசாமி இதற்காகத் திட்டியிருக்கிறார். வெளியே இருந்தால் இன்னும் நாலு இங்கிலீஷைப் போட்டுப் பார்த்திருப்பார். துண்டுக்குள் அவருக்கு வேறு வழியில்லை. தன் தொழிலுக்குத் துரோகம் செய்து அவருக்குப் பழக்கமில்லை.

கையைப் பூட்டினார்.

"ஆச்சா?" என்றார் ராக்கன்.

"ஆச்சு."

பிரகதாம்பாள் துண்டை எடுத்து மடித்து ராக்கனிடம் கொடுத்தார். "குடு" என்று அடைக்கலசாமியைப் பார்த்துச் சொன்னார்.

அடைக்கலசாமி சட்டைப் பைக்குள் கையை விட்டார். கட்டு முழுக்க ஐந்நூறு ரூபாய் நோட்டு. மடியைத் தடவினார், அங்கேயும் ஒன்றுமில்லை. பெரிய தொகையோடு வருகிறோம் என்ற நினைப்பில் சில்லறைப் பக்கமே அவர் போகவில்லை.

"ஐந்நூறக் குடுத்தா மீதி தருவிங்களாக்கா?"

"சில்லற இல்ல. கடைய ஏறக்கட்டுற நாள்ல எங்கிட்ட ஏது சில்லற?"

ராக்கன் முகத்தில் தீபாவளி வந்துவிட்டது. இடுப்பிலிருந்து இரண்டு நூறு ரூபாய் நோட்டை உருவி விசிறி மாதிரி வைத்துக்கொண்டார். "அண்ணே, கவலைய விடுங்க. நான் தர்றேன். கைமாத்துதான். வட்டியெல்லாம் வேணாம், நாப்பது வருசம் கழிச்சு மெதுவாக் குடுங்க!"

சந்தையே சிரித்தது. பிரகதாம்பாளும் வாயைப் பொத்திக்கொண்டார். அடைக்கலசாமி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஒங் காச எடுத்து உள்ள வையிடா. அன்னைக்கி அக்கா குடுத்த காசு சந்தையில சம்பாதிச்ச காசு. நானும் சந்தையில சம்பாதிச்சுத்தான் தருவேன். அக்கா, ஒரு டென் பர்சன்ட் நேரம் குடுங்க."

"எவ்வளவு வேணா எடுத்துக்க. வேன் இன்னும் வரல."

அவருக்கு வாகாக எதிரே நிலவழகன் வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். ஆடு பிடித்திருந்தவர்கள் மத்தியில் ஒரு கருத்த கிடாயை இழுத்துப் பார்த்துவிட்டு, விலை படியாமல் நகரப் போனார்.

"சார்! வாங்க, வாங்க. என்ன கிடாயெல்லாம் பாக்குறீங்க?"

"குலசாமிக்கு நேந்திருந்தேங்கய்யா." வாத்தியார் முகமெல்லாம் பல்லாக இருந்தது. "நான் பெர்மனென்ட் ஆயிட்டேன்!"

அடைக்கலசாமியின் கண் தன்னையறியாமல் வாத்தியாரின் வயிற்றுக்குப் போனது. "அப்புடிங்களா சார்... எத்தன மாசம்?"

வாத்தியாருக்குச் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்களே வெலையப் பேசி முடிங்கய்யா" என்று கிடாய்ப் பக்கம் கையை நீட்டினார். அடைக்கலசாமி கிடாய்க்காரனிடம் போனார். துண்டு போட்டார். அந்தக் கை இன்னும் முந்நூறு இறங்குகிற கை. இறக்கினார். பூட்டினார். கிடாயின் கழுத்தில் கட்ட வாத்தியார் பிரகதாம்பாளிடம் கயிறு வாங்கினார். அந்தக் கடையில் விற்ற கடைசிக் கயிறு அதுதான்.

தரகுக் காசை வாத்தியாரும் கிடாய்க்காரனும் ஆளுக்குப் பாதியாகக் கொடுத்தார்கள். வாத்தியார் புது நோட்டாகக் கொடுத்தார். கிடாய்க்காரன் அரணாக்கயிற்றுப் பையை அவிழ்த்து, கசங்கின நோட்டும் நாணயமுமாகக் கொடுத்தான். பத்து வருடமாக அடைக்கலசாமி ஒரு கிடாய்க்கெல்லாம் தரகு பேசுவதில்லை. ஐம்பதாயிரத்துக்குக் கீழே இருந்தால் துண்டைத் தோளிலிருந்து எடுக்கவே மாட்டார். அன்றைக்கு அந்தக் கசங்கின காசை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வேன் வந்துவிட்டது. சாக்கைச் சுருட்டிக் கட்டி ஏற்றிவிட்டார்கள். பிரகதாம்பாள் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை, இவருக்காகத்தான் இருந்தார்.

"அக்கா, எண்ணி வாங்கிக்கங்க. பொறவு கொறையுதுன்னு மணமேல்குடியிலேருந்து போன் போடக் கூடாது."

"நீ எண்ணிக் குடு. நான் பாத்துக்கிறேன்." கையை நீட்டி விரித்தார்.

"வாங்குனதும் எல்லாருக்கும் கேக்குற மாரி நோடியூன்னு சொல்லிரணும்."

"கருவாடுதான? சொல்றேன், சொல்றேன். மொதல்ல காச வையி."

ராக்கன் சாட்சிக்கு வந்து குனிந்து நின்றார். வாத்தியார் கிடாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். மரப்பலகை மாதிரியான அந்த உள்ளங்கையில் அடைக்கலசாமி வாத்தியாரின் புது ஐம்பது ரூபாய் நோட்டு இரண்டை முதலில் வைத்தார். "நூறு" என்றார். அதன்மேல் ஒரு கசங்கின ஐம்பது. "நூத்தம்பது." ஓரம் கிழிந்த இருபது, அதைக் கட்டைவிரலால் நீவி விட்டு வைத்தார். "நூத்தியெழுவது." ஒரு பத்து, இன்னொரு பத்து. காற்றில் நோட்டு பறக்காமல் இருக்கக் கடைசியில் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை மேலே வைத்தார். கிடாய்க்காரனின் இடுப்புச் சூடு இன்னும் அதில் இருந்தது போலிருந்தது.

"நூத்தித் தொண்ணூத்தஞ்சு."

"இன்னொண்ணு" என்றார் பிரகதாம்பாள், கையை மூடாமல்.

அடைக்கலசாமி மடியைத் துழாவி அந்த இன்னொரு ஐந்து ரூபாயை எடுத்து, வேட்டியில் துடைத்து, அவர் உள்ளங்கையின் நடுவில் வைத்தார்.